மகனின் மூன்று சக்கர வண்டி முதல் துபாயின் மழைச்சாலை வரை: ஜான் பாய்ட் டன்லப்பின் வாழ்க்கை

பர் துபாயின் காலித் பின் அல் வலீத் சாலையிலோ அல் ஃபாஹிதி தெருவிலோ ஆண்டின் பெரும்பாலான நாட்களில் மழையைப் பற்றிய பேச்சு எழுவதில்லை. காருக்கு டயர் வாங்கச் செல்பவர்கள் விலையைக் கேட்கிறார்கள், நிறுவனத்தின் பெயரைக் கேட்கிறார்கள், கோடை வெப்பத்தைத் தாங்குமா என்று கேட்கிறார்கள். நனைந்த சாலையில் இந்த டயர் பிடித்து நிற்குமா என்ற கேள்வியை அவர்களில் சிலரே கேட்கிறார்கள்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி அந்தக் கேள்விக்கு ஒரு பொருள் ஏற்பட்டது. 1949ஆம் ஆண்டில் பதிவுகள் தொடங்கியதிலிருந்து காணப்படாத பெருமழை அன்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாட்டில் பெய்தது. அல் ஐன் பகுதியில் உள்ள கத்ம் அல் ஷக்லா என்னும் இடத்தில் 24 மணி நேரத்துக்கும் குறைவான காலத்தில் 254 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஆண்டு முழுவதும் சராசரியாக ஏறத்தாழ 95 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் துபாய் விமான நிலையத்தில், ஒரே நாளில் சுமார் 142 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஷேக் சயீத் சாலையில் ஓட்டுநர்கள் தமது கார்களை நீரில் விட்டுவிட்டு நடந்து சென்றனர்.

அத்தகைய வெள்ளத்தில் எந்த டயரும் உதவாது. ஆனால் வளைகுடாவின் மழைக்காலத்தில் பெரும்பாலும் காணப்படுவது வெள்ளம் அல்ல. பல மாதங்களாகத் தூசியும் எண்ணெய்ப் பசையும் படிந்து கிடந்த சாலையின் மீது திடீரென்று பெய்து ஓயும் சிறு மழையே அங்கு வழக்கம். வாகனம் நிற்கிறதா, வழுக்குகிறதா என்பதை அந்தத் தருணத்தில் தீர்மானிப்பது, ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு மட்டுமே தரையைத் தொடும் ரப்பரும், அதன் உள்ளே அடைக்கப்பட்டிருக்கும் காற்றும்தான்.

அந்தக் காற்றை டயருக்குள் அடைத்து உலகெங்கும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அறியப்படுபவர் ஜான் பாய்ட் டன்லப். அவர் பொறியாளர் அல்லர். வணிகராகவும் தொடங்கியவர் அல்லர். கால்நடை மருத்துவரான அவர், தமது சிறு மகனின் உடல் அதிர்வதைக் கண்டு இந்த முயற்சியில் இறங்கினார். இன்று யாருக்காக யார் டயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வியுடன் சேர்த்துப் பார்க்கும்போது, நூறாண்டுகளுக்கு முன் மறைந்த அந்த மனிதரின் வாழ்க்கை புதிய பொருள் பெறுகிறது.

ஸ்காட்லாந்தின் பண்ணையிலிருந்து

ஜான் பாய்ட் டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் உள்ள டிரெக்ஹார்ன் என்ற ஊரில், விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குறைமாதக் குழந்தையாகப் பிறந்ததால் தமது உடல்நலம் மென்மையானது என்ற எண்ணம் அவரிடம் வாழ்நாள் முழுவதும் இருந்து வந்தது. அப்படியிருந்தும் அவர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார்.

எடின்பரோ நகரின் டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், 19ஆவது வயதிலேயே மருத்துவராகத் தகுதி பெற்றார். சில ஆண்டுகள் ஸ்காட்லாந்தில் பணியாற்றிய பின்னர் 1867இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். இன்று வட அயர்லாந்தின் தலைநகராக விளங்கும் பெல்ஃபாஸ்ட்டில் அவர் நிறுவிய மருத்துவமனை, 1880களின் நடுப்பகுதிக்குள் அயர்லாந்தின் மிகப் பெரிய கால்நடை மருத்துவ நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1871ஆம் ஆண்டு மார்கரெட் ஸ்டீவன்சன் என்பவரை அவர் மணந்துகொண்டார். அவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நகரப் போக்குவரத்து முழுவதும் குதிரைகளை நம்பியே இருந்தது. கல் பாவிய தெருக்களில் இரும்புப் பட்டை பொருத்திய மரச் சக்கரங்கள் உருண்டன. அந்தச் சக்கரங்களின் அதிர்ச்சியை இறுதியில் தாங்கியவை குதிரையின் கால்களும், வண்டியில் அமர்ந்தவரின் முதுகெலும்பும்தான். அந்தக் குதிரைகளுக்குச் சிகிச்சை அளிப்பதுதான் டன்லப்பின் தொழில். கரடுமுரடான பாதை உயிருள்ள உடலை என்ன செய்கிறது என்பதைப் பொறியாளர்களை விட அவர் நன்கு அறிந்திருக்க வாய்ப்பு உண்டு. அத்துடன், மருத்துவக் கருவிகள் செய்வதன் மூலம் ரப்பரைக் கையாளும் பழக்கமும் அவருக்கு இருந்தது.

முற்றத்தில் நடந்த சோதனை

1887ஆம் ஆண்டு அவரது மகனுக்கு ஒன்பது அல்லது பத்து வயது இருக்கும். சிறுவன் தனது மூன்று சக்கர மிதிவண்டியைப் பெல்ஃபாஸ்ட்டின் கல் தெருக்களில் ஓட்டி வந்தான். அக்காலத்து மிதிவண்டிகளின் சக்கரங்களில் கெட்டி ரப்பர் வளையங்களே இருந்தன. பாதையின் ஒவ்வொரு கல்லும் உடலில் உணரப்பட்டது. வேகமாகவும் அதிர்வில்லாமலும் செல்ல முடியவில்லையே என்ற மகனின் குறையைத் தந்தை தமது குறையாக எடுத்துக்கொண்டார்.

மெல்லிய ரப்பர் தகட்டைக் கொண்டு அவர் ஒரு குழாயைச் செய்தார். அதனை ஒரு மரத்தட்டின் விளிம்பில் வைத்து, மேலே லினன் துணியைச் சுற்றி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் ஒன்றினால் குழாய்க்குள் காற்றை நிரப்பினார். பின்னர், மகனின் வண்டியிலிருந்து கழற்றிய கெட்டிச் சக்கரத்தையும் இந்தப் புதிய சக்கரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக முற்றத்தில் உருட்டிப் பார்த்தார்.

கெட்டிச் சக்கரம் முற்றத்தின் முழு நீளத்தையும் கடக்காமலேயே சாய்ந்து விழுந்தது. காற்றடைத்த சக்கரமோ முற்றத்தின் மறுகோடி வரை சென்று, கதவுத் தூணில் மோதித் திரும்பியது. இந்த எளிய சோதனையில் இரண்டு உண்மைகள் அடங்கியிருந்தன. காற்று அதிர்ச்சியை விழுங்குகிறது என்பது ஒன்று. அதனால் வண்டி மெதுவாகிவிடுவதில்லை, மாறாக மேலும் எளிதாக உருள்கிறது என்பது மற்றொன்று. சொகுசுக்காக வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற அக்கால நம்பிக்கையை ஒரு கால்நடை மருத்துவர் தமது வீட்டு முற்றத்தில் உடைத்தார்.

1888ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகனின் வண்டியில் காற்றடைத்த டயர்கள் பொருத்தப்பட்டன. அவ்வாண்டு ஜூலை மாதம் டன்லப் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். டிசம்பர் 7ஆம் தேதி அது வழங்கப்பட்டது.

கேலியிலிருந்து வெற்றிக்கு

பருமனான அந்த டயர்களைக் கண்ட பெல்ஃபாஸ்ட் மக்கள் முதலில் நகைத்தனர். ஆனால் 1889ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி நடைபெற்ற மிதிவண்டிப் பந்தயங்கள் நிலைமையை மாற்றின. வில்லி ஹியூம் என்ற வீரர் டன்லப்பின் டயர்களைப் பொருத்திய வண்டியில் வந்து, தாம் பங்கேற்ற நான்கு பந்தயங்களிலும் வென்றார். அவரிடம் தோற்றவர்களில் டப்ளின் வணிகரான ஹார்வி டு குரோஸின் புதல்வர்களும் இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

டு குரோஸ் இந்த டயரின் வணிக மதிப்பை உடனடியாகப் புரிந்துகொண்டார். அதே ஆண்டின் இறுதியில் டப்ளினில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. டன்லப் தமது காப்புரிமையை நிறுவனத்துக்கு அளித்து, அதற்கு ஈடாக 1,500 பங்குகளைப் பெற்றுக்கொண்டார்.

ஆனால் ஓராண்டுக்குள் பேரிடி ஒன்று விழுந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்ற விவரம் தெரியவந்தது. 1847இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் அவர் அதனைக் குதிரை வண்டிகளில் பொருத்திக் காட்டியும் இருந்தார். அக்காலத்தில் மிதிவண்டியோ மோட்டார் வாகனமோ பரவியிருக்கவில்லை. ரப்பரும் விலை உயர்ந்ததாக இருந்தது. எனவே தாம்சனின் சக்கரம் மறக்கப்பட்டது. அவர் 1873இல் காலமானார். முன்னதாகவே ஒரு காப்புரிமை இருந்ததால் டன்லப்பின் காப்புரிமை செல்லாததாகியது.

டன்லப் தாம்சனைப் பற்றி அறியாமலேயே தமது டயரைக் கண்டறிந்தார் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. எனினும் சட்டத்தின் பார்வையில் முதலில் பதிவு செய்தவரே முதல்வர். நிறுவனத்தை இறுதியில் காப்பாற்றியவை வேறு இருவரின் கண்டுபிடிப்புகள். டன்லப்பின் முதல் டயர் சக்கர விளிம்புடன் ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஏற்பட்டால் அதனைப் பிரித்துச் சரிசெய்வது பெரும்பாடு. டயரைக் கழற்றி மாட்டும் முறைகளுக்குச் சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச்சும் வில்லியம் பார்ட்லெட்டும் 1890இல் காப்புரிமை பெற்றனர். அந்த உரிமைகளை டு குரோஸின் நிறுவனம் விலைக்கு வாங்கியது.

பெயர் ஒருவருடையது, லாபம் வேறொருவருடையது

நிறுவனம் வளர வளர, அதில் டன்லப்பின் இடம் சுருங்கியது. டு குரோஸ் குடும்பத்தாரின் போக்கு அவருக்கு ஒத்துவரவில்லை. 1895இல் அவர் நிறுவனத்திலிருந்து விலகினார். மறு ஆண்டே எர்னெஸ்ட் டெரா ஹூலி என்ற நிதி வணிகர் அந்த நிறுவனத்தை 30 லட்சம் பவுண்ட் கொடுத்து வாங்கி, 50 லட்சம் பவுண்ட் மதிப்பில் பங்குச் சந்தையில் விற்றார். டன்லப் என்ற பெயர் உலகின் மிக அறியப்பட்ட வணிகப் பெயர்களுள் ஒன்றாக உயர்ந்த அந்தத் தருணத்தில், அந்தப் பெயருக்குரியவர் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

டப்ளினில் குடியேறிய அவர் துணி வணிக நிறுவனம் ஒன்றில் பங்கு கொண்டு அமைதியாக வாழ்ந்தார். ஆனால் அவரது உருவம் மட்டும் விளம்பரங்களை விட்டு விலகவில்லை. வெள்ளைத் தொப்பியும் கைத்தடியும் கண்ணாடியுமாக, பகட்டான ஒரு கனவானாகத் தம்மைச் சித்தரித்த விளம்பரங்களை அவர் கடுமையாக ஆட்சேபித்தார். தமது பெயரையே தாங்கிய நிறுவனத்தின் மீது அவர் தொடுத்த அவதூறு வழக்கு, அயர்லாந்து நீதிமன்றத்துக்கு அதனை விசாரிக்க அதிகாரம் உண்டா என்ற கேள்வியில் பிரிட்டனின் பிரபுக்கள் அவை வரை சென்றது. தனது முகத்தின் மீதே தனக்கு உரிமை உண்டா என்று முதுமையில் நீதிமன்றத்திடம் கேட்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

1921ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி டன்லப் டப்ளினில் காலமானார். டீன்ஸ்கிரேஞ்ச் இடுகாட்டில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. காற்றடைத்த டயரின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதியிருந்த நூலை அவரது மறைவுக்குப் பின்னர் அவருடைய மகள் வெளியிட்டார். பிற்காலத்தில் வட அயர்லாந்தின் நார்தர்ன் வங்கி வெளியிட்ட 10 பவுண்ட் நோட்டில் தாடியுடன் கூடிய அவரது முகம் இடம்பெற்றது.

இந்த விதி அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கிப் பக்குவப்படுத்தும் முறையைக் கண்டறிந்த அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், 1860இல் கடனாளியாக இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் 1898இல்தான் தொடங்கப்பட்டது. அவருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டயர் கடைகளின் பெயர்ப் பலகைகளில் நாம் காணும் இரு பெரும் பெயர்கள், அந்த வணிகத்தால் செல்வம் அடையாத இருவருடையவை.

ரப்பருக்குப் பின்னால் இருந்த கைகள்

டன்லப்பின் டயர் இன்னொரு வரலாற்றையும் தொடங்கி வைத்தது. மிதிவண்டிகளுக்கும், 1895இல் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ் - போர்தோ பந்தயத்தில் காற்றடைத்த டயருடன் காரை ஓட்டிக் காட்டியதற்குப் பின்னர் மோட்டார் வாகனங்களுக்கும், ரப்பர் பெருமளவில் தேவைப்பட்டது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆளுகையில் இருந்த காங்கோவில் ரப்பருக்காக மக்கள் மீது இழைக்கப்பட்ட கொடுமைகளை, பிரிட்டிஷ் தூதரக அதிகாரியும் அயர்லாந்துக்காரருமான ரோஜர் கேஸ்மண்ட் தமது அறிக்கையின் மூலம் 1904இல் உலகறியச் செய்தார்.

தமிழர் வரலாற்றிலும் இதன் தடம் ஆழமானது. 1876இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகளில் பெரும் பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹா அருகே ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குச் சென்றன. காற்றடைத்த டயர் பரவியபோது மலாயாவின் காடுகள் ரப்பர் தோட்டங்களாக மாறின. கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து திரட்டப்பட்டு அங்கு சென்றவர்களே அந்தத் தோட்டங்களில் பால் வெட்டினர். ஐரோப்பியர்களின் பயணத்தை இதமாக்கிய பொருள், விடியற்காலை இருளில் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் மரம் மரமாக நடந்து சேகரித்த பாலிலிருந்து வந்தது.

பின்னர் டயர் தொழிற்சாலைகளும் தெற்காசியாவுக்கு வந்தன. மேற்கு வங்கத்தின் சாகாகஞ்சில் 1936இலும், சென்னை அம்பத்தூரில் 1959இலும் டன்லப் நிறுவனம் ஆலைகளை அமைத்தது. காற்றடைத்த டயர் பொருத்திய மாட்டு வண்டிகள் தமிழ்நாட்டில் டயர் வண்டி என்று அழைக்கப்பட்டன. இந்தியாவின் வேறு சில பகுதிகளில் அவற்றுக்கு டன்லப் வண்டி என்றே பெயர். இழுக்கும் மாட்டின் சுமையைக் குறைத்த அந்த வண்டி, ஒரு கால்நடை மருத்துவரின் பெயரைத் தாங்கியிருந்தது பொருத்தமானதே.

சொகுசு முதலில், பாதுகாப்பு பின்னர்

டன்லப் விடை கண்டது சொகுசு பற்றிய கேள்விக்கு. ஈரச் சாலையில் பிடிப்பு என்ற கேள்விக்கு அவரது டயரில் விடை இல்லை. மழை மிகுந்த பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த போதிலும், தொடக்ககால டயர்களின் மேற்பரப்பு வழவழப்பாகவே இருந்தது. நனைந்த சேற்றுப் பாதையில் பக்கவாட்டில் வழுக்குவது அவற்றின் பெரும் குறையாகக் கருதப்பட்டது. 1900களின் தொடக்கத்தில் ஆணிகள் பதித்த தோல் பட்டைகளை டயரின் மீது கட்டிப் பார்த்தனர். 1904இல் ஜெர்மனியின் காண்டினென்டல் நிறுவனம் மோட்டார் வாகனங்களுக்கு வரிப்பள்ளங்கள் கொண்ட டயரை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டுப் பணிமனைகளில் பட்டன் என்று சொல்லப்படுவது இந்தப் பள்ளங்களும் மேடுகளும்தான்.

அந்தப் பள்ளங்கள் அழகுக்காக அல்ல. சாலையில் உள்ள நீரை டயரின் அடியிலிருந்து வெளியேற்றும் வடிகால்கள் அவை. நீர் வெளியேற நேரம் போதாத வேகத்தில் சென்றால், டயர் தரையை விட்டு எழும்பி நீரின் மீது மிதக்கத் தொடங்கும். அந்த நொடியில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகின்றன.

இந்த நிகழ்வை ஆராய்ந்த அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தினர் 1963இல் ஓர் எளிய தொடர்பை வெளியிட்டனர். டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், அதனுள் இருக்கும் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதே அது. அக்கணக்கின்படி அழுத்தம் 36 பிஎஸ்ஐ இருந்தால் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டரிலும், 25 பிஎஸ்ஐ இருந்தால் சுமார் 83 கிலோமீட்டரிலும், 16 பிஎஸ்ஐ மட்டுமே இருந்தால் சுமார் 67 கிலோமீட்டரிலும் டயர் மிதக்கத் தொடங்கும். விமான டயர்களை வைத்துக் கண்டறியப்பட்ட இந்தக் கணக்கு கார்களுக்கு ஒரு தோராயமான வழிகாட்டியே. டயரின் அகலம், பள்ளத்தின் ஆழம், நீரின் ஆழம் ஆகியவையும் விளைவை மாற்றும். ஆனால் அதன் சாரம் மாறாது. டன்லப் சொகுசுக்காக அடைத்த அதே காற்றுதான், மழையில் டயரைத் தரையோடு அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறது.

வளைகுடாவில் தேர்வு செய்வது எப்படி?

வளைகுடா நாடுகளில் இந்த உண்மைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பாலைவன மணலில் ஓட்டுவதற்காகக் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைப்பது இங்கு வழக்கம். மீண்டும் காற்றடிக்காமல் நெடுஞ்சாலையில் ஏறுவது வறண்ட நாளிலேயே ஆபத்து. மழை நாளில் பேராபத்து. கோடையில் வெகுதூரம் ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுவதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவதும் தவறான பழக்கம். டயர் ஆறியதும் அழுத்தம் தேவையான அளவுக்குக் கீழே போய்விடும். ஓட்டுநர் பக்கத்துக் கதவை ஒட்டிய சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ள அளவை, வண்டி ஓடாமல் நின்று டயர் ஆறியிருக்கும்போது சரிபார்ப்பதே முறை.

வாங்கும்போது பெயரை விட எழுத்துகளைப் படிப்பது பயன் தரும். அமெரிக்கத் தர முறையைப் பின்பற்றும் டயர்களின் பக்கச் சுவரில் மூன்று தரக் குறிகள் இருக்கும். முதலாவது எண், தேய்மானத்தைக் குறிக்கிறது. இறுதியில் உள்ள எழுத்து, வெப்பம் தாங்கும் திறனைக் குறிக்கிறது. துபாயில் வாங்குவோர் இவ்விரண்டையே பெரிதும் கவனிக்கின்றனர். இரண்டுக்கும் நடுவே டிராக்ஷன் என்ற சொல்லுடன் இருக்கும் எழுத்துதான், நனைந்த தார்ச் சாலையிலும் கான்கிரீட்டிலும் பிரேக் பிடித்துச் சோதித்த முடிவு. அதில் ஏஏ மிக உயர்ந்தது. ஏ, பி, சி என்று தரம் இறங்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் டயர்களில் ஒட்டச் செய்துள்ள சீட்டிலும் ஈரப் பிடிப்புக்குத் தனி எழுத்து உண்டு. அங்கு முன்பிருந்த அளவீட்டின்படி, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது, மிக உயர்ந்த தரத்துக்கும் மிகத் தாழ்ந்த தரத்துக்கும் இடையே நிற்கும் தூரம் 18 மீட்டர் வரை வேறுபடலாம். ஏறத்தாழ நான்கு கார்கள் வரிசையாக நிற்கும் இடைவெளி அது.

டயரின் வயதும் முக்கியம். பக்கச் சுவரில் காணப்படும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கின்றன. 1524 என்றால் 2024ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். வெயிலில் ரப்பர் இறுகிப்போகும். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் இறுகிய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. தகுதியற்ற டயருடன் ஓட்டினால் 500 திர்ஹம் அபராதமும், நான்கு கரும்புள்ளிகளும், ஏழு நாட்கள் வாகனப் பறிமுதலும் உண்டு என்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2017இல் விதி செய்தது.

பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயர் பயனற்றது என்பது பல நாடுகளில் சட்டம். பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டும். ஆனால் ஈரத்தில் பிடிப்பு அதற்கு முன்பே வெகுவாகக் குறைந்துவிடுவதால், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. இரண்டு டயர்களை மட்டும் மாற்ற முடிந்தால், புதியவற்றைப் பின்பக்கம் பொருத்துவதே பாதுகாப்பு. பின்சக்கரங்கள் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் வண்டியைக் கட்டுப்படுத்துவது கடினம். தோற்றத்துக்காக மிக அகலமான, பக்கச் சுவர் குறுகிய டயர்களைப் போடுவோர் இரண்டையும் இழக்கின்றனர். அகலமான டயர் நீரில் எளிதில் மிதக்கும்; உள்ளே காற்றின் உயரம் குறைந்தால் சாலையின் அதிர்வு உடலை எட்டும். டன்லப்பின் மகன் பெல்ஃபாஸ்ட்டில் எந்தக் குறையைச் சொன்னானோ, அதே குறை விலை உயர்ந்த கார்களில் திரும்பி வருகிறது.

யார் தேர்ந்தெடுக்கிறார், யார் பயணிக்கிறார்?

இங்கே ஓர் அரசியல் கேள்வியும் எழுகிறது. பர் துபாயில் சொந்தக் கார் வைத்திருப்பவர் தமது டயரைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விடியற்காலையில் தொழிலாளர்களை வேலைத்தலத்துக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தின் டயரை அதில் பயணிப்பவர் தேர்ந்தெடுப்பதில்லை. பிறர் பெயரில் உள்ள வண்டியில் உணவு விநியோகம் செய்யும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரும், டாக்ஸி ஓட்டுநரும் அதே நிலையில் உள்ளவர்களே. விலையைப் பார்ப்பவர் ஒருவர். ஈரச் சாலையில் உயிரைப் பணயம் வைப்பவர் வேறொருவர். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவர்கள் கணிசமானோர். சென்ற நூற்றாண்டில் ரப்பர் பால் வெட்டச் சென்றவர்களுக்கும் இவர்களுக்கும் இந்த ஒரு விடயத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

சட்டமும் அபராதமும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. ஆனால் பறிமுதல் செய்யப்படும் வண்டியால் நட்டம் உரிமையாளருக்கு என்றாலும், கரும்புள்ளி விழுவது ஓட்டுநரின் உரிமத்தில். தேய்ந்த டயருடன் அனுப்பப்படும் ஓட்டுநர், வேலையை இழக்காமல் அதனை மறுக்க முடிகிறதா என்பதில்தான் அந்த விதிகளின் உண்மையான பயன் அடங்கியிருக்கிறது.

டன்லப் என்ற வணிகப் பெயர் இன்று ஒரே நிறுவனத்தினுடையது அல்ல. 1985இல் பிரிட்டனின் மூல நிறுவனம் வேறு கைக்கு மாறியதற்குப் பின், டயரிலும் விளையாட்டுக் கருவிகளிலும் மெத்தையிலும் அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமை வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு உரிமையாளர்களிடம் சென்றது. டயரின் மீது பொறிக்கப்பட்டிருக்கும் பெயர், அதனைச் செய்தவர் யார் என்பதைக்கூட முழுமையாகச் சொல்வதில்லை. பெயருக்குரிய மனிதரோ 1895லேயே அந்த வணிகத்தை விட்டு விலகிவிட்டார்.

அவர் முதல் கண்டுபிடிப்பாளர் அல்லர் என்பதைச் சட்டம் கூறியது. அவரது டயர் ஈரத்தில் வழுக்கியது என்பதைச் சாலை கூறியது. ஆனால், வண்டியில் ஏறப்போகும் உடலை முதலில் நினைத்து, பிறகு சக்கரத்தைச் செய்தார் என்ற ஒன்றை அவரிடமிருந்து எவராலும் பறிக்க முடியவில்லை. அந்த முதல் டயரை வாங்கியவர் எவரும் இல்லை. ஒரு தந்தை செய்தார், அவரது மகன் ஓட்டினான். அடுத்த மழைக்கு முன்னர் வளைகுடாவில் டயர் வாங்குவோரும், பிறருக்காக வாங்கிக் கொடுப்போரும், அந்த வண்டியில் போகப்போவது தமது பிள்ளையாக இருந்தால் எந்த டயரை எடுப்போம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.